கத்திரி வெயில்ல பைக்ல லாங் ரைடு போறப்ப உடம்பு சூடேறாம இருக்க என்ன பண்றது?

கேள்வி கேட்ட தம்பி மே மாசம் வேலூர்ல இருந்து சித்தூர், பலமநேர் வழியா பெங்களூர் போகணுமாம், ஜாக்கெட் போட்டா வெந்துடுவேன், டீ ஷர்ட்டோட போனா காத்தாவது படும்ல, எது சரின்னு கேட்டிருக்காரு.

ஜாக்கெட் தான் தம்பி. இல்லனா முழுக்கை காட்டன் சட்டையாவது போடுங்க. எனக்கு குடியாத்தம் பக்கம், வேலை விஷயமா சித்தூர், வி.கோட்டான்னு வெயில்லயே சுத்தற ஆளு, அதனால சொல்றேன்.

பேப்பர்ல வேலூர்ல 104 டிகிரின்னு போடுவாங்கல்ல, அது 40 செல்சியஸ். அதுவும் நிழல்ல அளந்தது, தார் ரோட்டு மேல இன்னும் கூடத்தான் இருக்கும். நம்ம தோலோட சூடு 35 பக்கம் தான். அப்ப தோலை விட சூடான காத்து வேகமா மேல பட்டா அது உடம்புக்கு சூட்டை ஏத்துமே தவிர எறக்காது. அந்த நேரத்துல நம்மள காப்பாத்தறது வேர்வை ஆவியாகறது மட்டும் தான், ஆனா 60, 70ல போகும்போது வெறுங்கையில வர்ற வேர்வை வந்த நொடியே காஞ்சிடும், நமக்கு வேர்க்கவே இல்லன்னு தோணும், உள்ள தண்ணி பாட்டுக்கு கொறஞ்சினே இருக்கும், வண்டிய நிறுத்தி பார்த்தா கையில உப்பு வெள்ளையா பூத்து நிக்கும். நேர் வெயில் வேற கையை வறுத்து எடுக்கும்.

அதனால வேர்வையை நம்பாம நாமளே தண்ணி ஊத்திக்கணும். உள்ள ஒரு முழுக்கை காட்டன் சட்டை, அதை கழட்டி நல்லா முக்கி சொட்டாத அளவுக்கு பிழிஞ்சி மாட்டிக்கிட்டு மேல ஜாக்கெட் போடுங்க. ஜாக்கெட்டை ஃபுல்லா தெறந்து விடக்கூடாது, கழுத்து ஜிப்பை ரெண்டு விரல் அளவு எறக்கி, மணிக்கட்டு பட்டியை லூசா விட்டா போதும், காத்து கை வழியா ஏறி முதுகை தொட்டு கழுத்து வழியா போகும். மண்பானை தண்ணி ஜில்லுனு ஆகற அதே வேலை தான். வலை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கற மெஷ் ஜாக்கெட்னா அரை மணிக்குள்ள சட்டை மொறமொறன்னு காஞ்சிடும், கொஞ்சம் கெட்டியான துணியா இருந்தா இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். மொதல்ல முழங்கை பக்கம் தான் காயும், அங்க சூடு தெரிய ஆரம்பிச்சதும் அடுத்த நிறுத்தம்னு வெச்சிக்கோங்க. பேண்ட்டை மட்டும் நனைச்சிடாதீங்க, ஈரத்தோட சீட்ல உக்காந்து ஓட்டினா தொடை உரிஞ்சி நடக்கவே முடியாது. ஆர்சி, போனெல்லாம் பிளாஸ்டிக் கவர்ல.

தண்ணிக்கு கவலையே இல்ல, சித்தூர் பக்கம் ரெண்டு பக்கமும் மாந்தோப்பு தான், மோட்டார் ஓடற எடத்துல நிறுத்தி கேட்டா தாராளமா விடுவாங்க, தமிழ்லயே கேளுங்க, பாதி பேருக்கு புரியும். அப்படியே தலைக்கு கட்டற துண்டையும் நனைச்சி ஹெல்மெட்டுக்குள்ள கட்டிக்கோங்க.

ஒரு விஷயம், இந்த ஈரச்சட்டை வித்தை வேலூர், சித்தூர் மாதிரி வறண்ட வெயிலுக்கு தான் நல்லா எடுபடும். இதையே சென்னையில இருந்து தடா, சூலூர்பேட்டைன்னு நெல்லூர் ரோட்டுல பண்ணா புழுக்கத்துல சட்டை காயவே காயாது, கசகசன்னு ஒட்டிக்கினு வரும். அங்கல்லாம் நேரம் பார்த்து போறது தான் வழி. உங்க ரூட்டுக்கும் விடிகாலை 4 மணிக்கு கெளம்பிடுங்க, வெயில் ஏறதுக்கு முன்னாடி பங்காருபாளையம் தாண்டி மொகிலி காட் மலைப்பாதையை ஏறிட்டா பலமநேர்ல ரெண்டு மூணு டிகிரியாவது கொறையும், அங்க இருந்து பெங்களூர் வரைக்கும் மேட்டு நிலம். லேட் ஆயிடுச்சின்னா 11ல இருந்து 4 வரைக்கும் எங்கயாவது புளியமரத்தடியில படுங்க, ரோடு அகலப்படுத்தறேன்னு வெட்டினது போக மிச்சம் இருந்தா.

குடிக்கறதுக்கு மணிக்கு அரை லிட்டருக்கு கொறையாம தண்ணி, தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்காதீங்க. வெறும் தண்ணியே குடிச்சினு இருந்தா உப்பு எறங்கி தலைவலி, வாந்தி வரும், நடுவுல உப்பு போட்ட மோர், கேழ்வரகு கூழ், இல்லனா ஓஆர்எஸ். வீட்டுலயே கலக்கலாம், ஒரு லிட்டருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி. நுங்கு சீசன் வேற. பார்டர் தாண்டினா கள்ளு கெடைக்கும்னு சில பசங்க அதுக்குன்னே வண்டிய எடுக்கறாங்க, உடம்பு குளிர்ச்சின்னு வேற சொல்வாங்க, வண்டி ஓட்டறவன் அந்தப் பக்கமே போகக்கூடாது.

வேர்வை நின்னு போய் தோல் நெருப்பா கொதிச்சாலும் சரி, வெயில்லயே புல்லரிச்சாலும் சரி, திரும்ப வேண்டிய எடம் மறந்து நேரா போனாலும் சரி, உடனே ஓரங்கட்டுங்க. நிழல்ல படுத்து கழுத்து, அக்குள், தொடை இடுக்குல தண்ணி ஊத்தி விசிறணும். பேச்சு கொழறினா வாயில தண்ணி ஊத்தாம 108க்கு போடுங்க, தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா மூணு ஸ்டேட்லயும் அதே நம்பர் தான்.

வண்டிக்கு பெருசா ஒண்ணும் இல்ல, ஆயில் அளவு பாருங்க, டயர் காத்தை காலையில வண்டி சூடாகறதுக்கு முன்னாடி செக் பண்ணுங்க, நடுவுல சூடா இருக்கும்போது அளந்து பார்த்துட்டு கூடுதலா காட்டுதுன்னு எறக்கி விட்டுடாதீங்க.

பின்னாடி யாராச்சும் உக்காந்து வர்றாங்கன்னா அவங்க சட்டையையும் நனைக்கணும். உங்க முதுகு மறைச்சி அவங்களுக்கு காத்தும் கம்மி, எதுவும் சொல்லாம சுருண்டு வருவாங்க, நடுநடுவுல பேச்சு குடுத்துக்கினே போங்க. துப்பட்டா நனைச்சி போத்தினா நுனியை ஜாக்கெட்டுக்குள்ள சொருகிடணும், செயின்ல மாட்டும்.