மல்லாந்து கிடந்த லாட நண்டு

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி. வேலைக்காக இரண்டு வருடம் ஒடிசாவில், பாலாசோரில் இருந்தேன். சாந்திபூர் கடற்கரையில் மீனவர்கள் வலையில் சிக்கிய குதிரை லாட நண்டுகளைப் பிய்த்து மணலில் வீசிவிட்டுப் போவார்கள். அவை மல்லாந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டே இருக்கும். புரட்டிவிட ஆசைதான், ஆனால் ஊசி போன்ற அந்த வாலைப் பார்த்துப் பயந்துவிட்டேன். அது கொட்டுமா? முத்துப்பேட்டையில் எத்தனையோ நண்டு பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. இது நண்டுதானா?

வாசகர், திருத்துறைப்பூண்டி

அன்புள்ள தம்பி,

கொட்டாது. அந்த வாலில் விஷம் கிடையாது. அலை புரட்டிப் போட்டால் வாலை மணலில் ஊன்றி, உடம்பை நெம்பி நிமிர்ந்துகொள்ளும். நீங்கள் பார்த்ததும் அந்தப் பாடுதான். வலையிலிருந்து பிய்க்கும்போது வால் முறிந்துபோனால் பாவம், நிமிர்வது பெரும்பாடு. வெயிலில் அப்படியே கிடந்தால் செவுள் காய்ந்து செத்துவிடும்.

பெயரில் மட்டும்தான் நண்டு. உறவுமுறை பார்த்தால் தேளுக்கும் சிலந்திக்கும்தான் நெருக்கம். 44 கோடி ஆண்டுப் பழைய பாறைகளிலேயே இதன் முன்னோர்களின் தடம் இருக்கிறது. வாய் கால்களுக்கு நடுவே இருக்கும், தாடை இல்லை. கால்களின் அடியில் முள்முள்ளாக இருக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று உரசித்தான் புழுவையும் சிப்பியையும் அரைக்கும். காலை அசைத்தால்தான் மெல்ல முடியும்!

சாந்திபூருக்கு நானும் போயிருக்கிறேன். கடல் சில கிலோமீட்டர் உள்வாங்கிப் போயிருந்த நேரம், செத்துக் கிடக்கிறதே என்று ஒன்றைக் கையில் எடுத்தேன். அப்பளம் மாதிரி கனமே இல்லை. திருப்பிப் பார்த்தால் காலெல்லாம் அப்படியே இருந்தது, முன்விளிம்பு மட்டும் சுருக்குப்பை வாய் போலப் பிளந்திருந்தது. அது பிணம் இல்லை, கழற்றிப் போட்ட சட்டை. நம் வயல் நண்டு பின்பக்கம் ஓடு பிளந்து பின்வாங்கி வெளியே வரும். இது முன்விளிம்பைப் பிளந்து முன்னால் ஊர்ந்து போய்விடும். வாலைத் தடவினேன், மூன்று பட்டையாக இருந்தது. இந்தியாவில் இருக்கும் இரண்டு இனங்களில் அதுதான் பெரியது. உருண்டை வால்காரன் சுந்தரவனத்து அலையாத்திச் சேற்றில் வாழ்பவன். அவன் முட்டையைத் தின்று தாய்லாந்தில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். வாலுக்கு அஞ்ச வேண்டாம், வாய்க்குள் மட்டும் போட வேண்டாம்.

நம் நாட்டில் இவை அதிகம் இருப்பது ஒடிசா, மேற்கு வங்கக் கரைகளில்தான். முத்துப்பேட்டையில் உங்கள் கண்ணில் படாததில் வியப்பில்லை.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் ஏறும்போது ஜோடியாகக் கரைக்கு வரும். ஆண் சிறியது, பெண்ணின் பின்னால் கொக்கி போட்டதுபோலப் பிடித்துக்கொண்டே வரும். பெண் மணலைத் தோண்டி முட்டையிடும். பெரிதாகி முட்டையிடும் பருவத்துக்கு வர அமெரிக்க இனத்துக்குப் பத்து வருடம் போல ஆகிறது. அவ்வளவு காலம் தப்பிப் பிழைத்த ஒன்று முட்டையிட வந்த இடத்தில் வலையில் மாட்டி, மல்லாந்து சாவது எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம், அதன் ரத்தம் நீலம், செம்பு கலந்தது. பாக்டீரியா நஞ்சு பட்டால் உறைந்துவிடும். ஊசி மருந்து சுத்தமா என்று சோதிக்க இதைத்தான் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். நீங்களும் நானும் போட்டுக்கொண்ட ஊசிகளிலும் அதற்குப் பங்கிருக்கலாம்.

மறுபடி அங்கே போனால் வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், மூட்டு விட்டுப்போகும். ஓட்டின் இரண்டு பக்கமும் கை கொடுத்துப் புரட்டி, ஈர மணலில், தலை கடலைப் பார்க்க வையுங்கள். மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.