கடவுச்சொல்லில் எண்ணை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி அலுவலகத்தில் வற்புறுத்துகிறார்கள். மகள் பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்து, அதை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இது சரிதானா?
வாசகி, கும்பகோணம்

பதில்: இப்படிக் காலக்கெடு வைத்துக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும் வழக்கம் பரவக் காரணமான வழிகாட்டுக் குறிப்பை 2003-இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக எழுதிய பில் பர் என்பவரே, அதற்காக வருந்துவதாக 2017-இல் கூறிவிட்டார், கடவுச்சொல் கசிந்ததற்கான அறிகுறி இல்லாதபோது காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டியதில்லை என்று அந்நிறுவனமும் அதே ஆண்டில் தன் பரிந்துரையைத் திருத்தியது. கட்டாயப்படுத்தினால் பலரும் உங்களைப் போலவே கடைசி எண்ணை மட்டும் மாற்றுகிறார்கள். 'கவிதா7' தெரிந்த திருடனுக்குக் 'கவிதா8' தெரியாதா? ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை, 'முருங்கை தபால் குடை ஏழரை நண்டு' என்பதுபோல, ஆங்கில எழுத்துகளில் நீளமாகக் கோத்து வைத்துக்கொள்ளுங்கள். (இதையே வைத்துவிடாதீர்கள், அச்சில் வந்துவிட்டது!) அதைவிட முக்கியம், ஒரு கணக்கின் கடவுச்சொல்லை இன்னொன்றுக்கு வைக்காமலிருப்பது, எங்கோ ஒரு கடையின் தளத்தில் கசிந்ததை மென்பொருள் மூலம் மற்றத் தளங்களிலும் போட்டுப் பார்ப்பார்கள். மின்னஞ்சலுக்கு மட்டுமாவது தனிக் கடவுச்சொல்லும் இரட்டைச் சரிபார்ப்பும் (கடவுச்சொல்லோடு, கைப்பேசிக்கு வரும் எண் போன்ற இன்னொரு சான்றையும் கேட்கும் முறை) கட்டாயம் வேண்டும், ஏனெனில் மற்றப் பல கணக்குகளின் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' இணைப்பு அங்கேதான் வந்து சேர்கிறது.