கர்னல் புதுப்பித்த பிறகு குறியாக்கம் செய்த வட்டில் பிழை வருகிறது, எஃப்எஸ்சிகே ஓட்டலாமா?

ஜூரோங்கிலிருந்து நீங்கள் கேட்டது: உபுண்டு மடிக்கணினி, வட்டு முழுக்க லக்ஸ் (லினக்ஸின் வட்டுக் குறியாக்க முறை) குறியாக்கம். கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதியைப் புதுப்பித்த பிறகு கடவுச்சொல்லை ஏற்றுக்கொள்கிறது, ஆனால் இஎக்ஸ்டி4 (வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) பிழை என்று வரிவரியாகக் காட்டிவிட்டுக் கறுப்புத் திரையில் நின்றுவிடுகிறது. டியூஷன் நிலையத்தின் மாணவர் விவரங்கள் உள்ளே இருக்கின்றன, பேக்கப் இல்லை. கோப்பு அமைப்பைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே கருவியை ஓட்டுவதா, மறுபடி நிறுவுவதா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டதே பெரிய ஆறுதல். குறியாக்கச் சாவிகள் இருக்கும் லக்ஸ் தலைப்பகுதி சேதமில்லாமல் இருக்கிறது என்று அர்த்தம். அது அழிந்தால்தான் கடவுச்சொல் தெரிந்தும் பயனில்லை. கோளாறு அதற்கு மேலே உள்ள இஎக்ஸ்டி4 அடுக்கில் இருக்கலாம், புதிய கர்னலில் இருக்கலாம், வட்டே பழுதாகியிருக்கலாம்.

வழக்கமாக எல்லோரும் முதலில் பழைய கர்னலில் ஏற்றிப் பார்க்கச் சொல்வார்கள். பேக்கப் இருந்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் பழைய கர்னலும் ஏறும்போதே வட்டில் எழுதத் தொடங்கிவிடும். அதனால் சிம் லிம் ஸ்கொயரில் ஒரு வெளிவட்டு வாங்கி வந்து, லைவ் தம்ப் டிரைவிலிருந்து (நிறுவாமலே உபுண்டுவை ஓட்டும் டிரைவ்) கணினியை ஏற்றுங்கள்.

லைவ் திரையில் வட்டின் ஐகானை மட்டும் கிளிக் செய்துவிடாதீர்கள். அது எழுதும் முறையில் திறக்கும். டெர்மினலில் முதலில் கிரிப்ட்செட்அப்பின் (லக்ஸைக் கையாளும் கருவி) தலைப்பகுதி பேக்கப் கட்டளையைக் கொடுத்து, அந்தக் கோப்பை வேறொரு தம்ப் டிரைவில் வையுங்கள். லக்ஸ்2-இல் இது வழக்கமாக 16 எம்பி அளவுதான். அப்புறம் வட்டை 'ரீட்-ஒன்லி' விருப்பத்துடன் திறந்து, மவுன்ட் செய்யும்போது (கோப்புகளைப் பார்க்கும்படி இணைக்கும்போது) 'ரோ' (ro) மட்டும் போடாமல் 'நோலோட்' (noload) என்பதையும் சேருங்கள். வெறும் 'ரோ' போட்டால் இஎக்ஸ்டி4 தன் ஜர்னலை, அதாவது பாதியில் நின்ற மாற்றங்களின் குறிப்பை, ஓட்டி வட்டில் எழுத முனையும். மாணவர் விவரங்களை வெளிவட்டுக்கு நகலெடுத்த பிறகு மூச்சு விடலாம்.

நகலெடுக்கும்போதே டிமெசேஜ் (dmesg) என்ற கர்னல் செய்திப் பதிவைப் பாருங்கள். உள்வட்டின் பெயரோடு 'ஐ/ஓ எரர்' வந்தால் வட்டுதான் சாகிறது, கர்னல் மீது பழி போடாதீர்கள். உடனே நிறுத்தி, பழுதான வட்டைப் படியெடுக்கும் டிடிரெஸ்கியூ கருவியைக் கொண்டு முழு வட்டையும் அப்படியே படியெடுங்கள். அந்தப் படியெடுக்கும் வேலையைக் கடைக்குக் கொடுத்தாலும் கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டாம். படியை வாங்கி வந்து வீட்டில் திறந்தால் போதும். பிள்ளைகளின் விவரங்களுக்கு சிங்கப்பூரின் 2012-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி நிலையம் பொறுப்பு.

வட்டு நலமாக இருந்தால் இப்போது பழைய கர்னல். கணினி ஏறும்போது வரும் கிரப் பட்டியலில் மேம்பட்ட விருப்பங்களில் இருக்கும். அதில் பிழையே இல்லாமல் ஏறினால் புதிய கர்னலைத் தொடாமல் அடுத்த திருத்தம் வரும்வரை அதிலேயே இருங்கள். கர்னல் கோப்புகள் இருக்கும் 'பூட்' பகுதி நிரம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். இடமில்லாமல் இனிட்ராம்எஃப்எஸ் (கர்னல் ஏறத் தேவையான கோப்பு) அரைகுறையாக எழுதப்பட்டாலும் புதிய கர்னல் சரியாக ஏறாது. கர்னலே காரணமாக இருப்பதும் கற்பனை இல்லை. 2019-இல் 5.1 கர்னலில், காலியான இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் கட்டளை தவறான இடங்களை அழித்தது, 5.1.5-இல் திருத்தினார்கள். 2023 டிசம்பரில் 6.1.64-இன் இஎக்ஸ்டி4 கோளாறால் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் 12.3 பதிப்பு நிறுத்தப்பட்டு 12.4 வந்தது.

பழைய கர்னலிலும் அதே பிழை என்றால் மட்டும் எஃப்எஸ்சிகே. கடவுச்சொல் கொடுத்து லக்ஸைத் திறந்த பிறகு '/dev/mapper' அடியில் தெரியும் பெயரில் ஓட்டுங்கள், வட்டுப் பகுதியின் நேர்ப் பெயரில் வேண்டவே வேண்டாம். நேர்ப் பெயரில் ஓட்டினால் சூப்பர்பிளாக் (கோப்பு அமைப்பின் அடிப்படை விவரங்கள் இருக்கும் இடம்) மேஜிக் எண் தவறு, இதில் கிரிப்டோ லக்ஸ் இருக்கிறது என்று சொல்லும். பலர் அதைச் சரிசெய்யக் கிளம்பி மாற்று சூப்பர்பிளாக்கைத் தேடுகிறார்கள். குறியாக்கத்துக்கு முந்தைய பழைய இஎக்ஸ்டி4-இன் மிச்சம் அங்கே கிடைத்து, எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்லிவிட்டால், உங்கள் குறியாக்கத் தரவின் மீதே எழுதிவிடும். அதற்கு மீட்பு இல்லை.

சரியான பெயரில், முதலில் 'என்' (-n) விருப்பத்துடன் ஓட்டுங்கள். அது எதையும் எழுதாது. நாலைந்து பிழைகள் என்றால் தயங்காமல் திருத்தச் சொல்லலாம். பக்கம் பக்கமாக ஓடினால் நிறுத்திவிட்டு அந்த வரிகளை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.