பாக்கெட் சப்பாத்தியும் பரோட்டாவும்: கேளுங்கள், சொல்கிறேன்

உணவுத் தொழிற்சாலையில் தர ஆய்வு பார்த்தவன் நான். பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதைப் பற்றிக் கேளுங்கள், வைத்தியம் கேட்காதீர்கள்.

"முழுக்க கோதுமை" என்று வாங்கினேன். மைதா இருக்குமா?

பாக்கெட்டைத் திருப்புங்கள். சேர்பொருட்களை எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. முதலில் 'சுத்திகரித்த கோதுமை மாவு' என்று இருந்தால் அது மைதாதான். மைதாவும் கோதுமையில் வந்ததுதானே, அதனால் முன்பக்கத்தில் கோதுமைக் கதிர் படம் போட அவர்களுக்குக் கூச்சமே கிடையாது. 'மல்டிகிரெய்ன்' என்றால் கேழ்வரகும் கம்பும் எத்தனை சதவீதம் என்று பட்டியலில் தேடுங்கள். பல சமயம் ஊறுகாய் அளவுதான்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி, 100 கிராம் ஆட்டாவில், அதாவது முழுக் கோதுமை மாவில், நார்ச்சத்து 11 கிராமுக்கு மேல். மைதாவில் 3 கிராமுக்கும் கீழே. புரதமோ இரண்டிலும் ஏறக்குறைய பத்தரை கிராம்! ஆகவே புரதத்தை விடுங்கள், நார்ச்சத்து வரியைப் பாருங்கள்.

உப்பு எவ்வளவு என்று எங்குமே போடவில்லையே?

சோடியம் என்று போட்டிருப்பார்கள். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. 500 மில்லிகிராம் சோடியம் என்றால் 1.25 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது. அந்தக் கணக்கு 100 கிராமுக்கா, ஒரு சப்பாத்திக்கா என்றும் பாருங்கள். ஒன்றோடு எழுந்து போகிறவரை நான் பார்த்ததில்லை.

சேர்பொருள் பட்டியலில் 282 என்று ஓர் எண் இருக்கிறதே, அது என்ன?

கால்சியம் புரோப்பியோனேட். பூஞ்சையைத் தடுப்பது. பயம் வேண்டாம்.

எனக்குச் சர்க்கரை. எத்தனை சாப்பிடலாம்?

உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

மைதாவில் அலாக்ஸான் இருப்பதால் பரோட்டா சாப்பிட்டால் சர்க்கரை வருமாமே?

வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகச் சுற்றும் கதை. ஆய்வகத்தில் எலிக்குச் சர்க்கரை நோய் வரவழைக்க ஊசியில் ஏற்றும் ரசாயனம் அது. மனிதக் கணையம் அதற்கு எலியைப் போல் எளிதில் மசியாது. பரோட்டாவில் கவலைப்பட வேண்டியது எண்ணெய். பாமாயில் என்றால் அதில் பாதி நிறைவுற்ற கொழுப்பு. திருப்பிப் பாருங்கள்.

பரோட்டா ரொட்டியே இல்லை என்று ஜிஎஸ்டியில் சொன்னார்களே, சப்பாத்தியோடு ஏன் ஒப்பிடுகிறீர்கள்?

ஆஹா, வாருங்கள். எந்தப் பொருளுக்கு எவ்வளவு ஜிஎஸ்டி என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லும் கர்நாடக முன்தீர்ப்பு ஆணையம் 2020-ல் சொன்னது அது. பாக்கெட் பரோட்டாவைச் சூடாக்கித்தான் தின்ன வேண்டும், ஆகவே ரொட்டிக்கான 5 சதவீதம் கிடையாது, 18 கட்டு என்றது. அது வரிக்கான வகைப்பாடு. மாவுக்கு அது தெரியாது.

அரைவேக்காட்டுச் சப்பாத்தியையும் சூடாக்கித்தானே தின்கிறோம்?

அதையேதான் நானும் அன்று கேண்டீனில் கேட்டேன், இரண்டு டீ ஆறிப்போனது!

அப்போ இப்போது எவ்வளவு?

2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் பூஜ்யம். சண்டை தீர்ந்தது, கொழுப்பு அப்படியேதான் இருக்கிறது.

ஐயா, மைதாவில் அலாக்ஸான்...

மேலே ஏற்கெனவே சொல்லிவிட்டேன், அதைப் படியுங்கள்.

கரண்ட் போய் ஃப்ரீசர் பரோட்டா இளகிவிட்டது. திரும்ப உறைய வைக்கலாமா?

வேண்டாம். இன்னும் சில்லென்று இருந்தால் இன்றே சுட்டு முடித்துவிடுங்கள். வெதுவெதுப்பாகிக் கிடந்திருந்தால் குப்பைக்கு.

இதையும் பாக்கெட்டில் போட்டிருப்பார்களா?

பின்பக்கம், பொடி எழுத்தில்.