‘தி ஃபர்ஸ்ட் ஹாஃப் ஆஃப் மை லைஃப்’ சீனத் தொடர்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, மொத்தம் எத்தனை எபிசோட்? முதல் ரெண்டு பார்த்தேன், ஹீரோயின் மேல எரிச்சல்தான் வருது.

பதில்: 42. 2017இல் வந்தது. எரிச்சல் வரட்டும் என்றேதான் அப்படி எழுதியிருக்கிறார்கள். லுவோ ஸிஜுன் ஷாங்காயில் கணவன் சம்பளத்தில் சொகுசாக இருப்பவள். விலையுயர்ந்த ஷூ வாங்குவதும், கணவன் ஆபீஸில் எந்தப் பெண் சிரித்தாள் என்று துருவுவதும்தான் அவளுக்கு முழுநேர வேலை. கண்ணைப் பறிக்கிற உடுப்புகள் வேறு. கணவன் இன்னொருத்தியோடு போய் விவாகரத்தான பிறகு அந்த நிறமெல்லாம் ஒவ்வொன்றாக அடங்கும். அதே ஸிஜுன் ஷூக் கடையில் விற்பனையாளராகி, வருகிறவர்கள் காலடியில் குனிந்து ஷூ மாட்டிவிடுவாள். தொடக்கத்தை ஓட்டிவிட்டுப் பார்த்தால் அந்தக் காட்சியில் ஒன்றுமே இருக்காது. ஓட்டாதீர்கள்.

சீனப் பெயரை அடித்துத் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கடைசிச் சக்கரவர்த்தி பூ யியின் சுயசரிதைக்கும் அதே பெயர்தான்.

கேள்வி: தப்பு பண்ணது புருஷன். பிள்ளைக்காக இவ ஏன் வேலை தேடி அலையணும்? சட்டம்னு ஒண்ணு இல்லையா அங்க?

பதில்: இருந்தது, அவளுக்கு உதவுகிற மாதிரி இல்லை. தொடர் வந்தபோது நடைமுறையில் இருந்தது 2001இல் திருத்தப்பட்ட திருமணச் சட்டம். வீட்டு வேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இழப்பீடு கேட்க அதில் 40ஆவது பிரிவு உண்டு. ஆனால் ‘உன் சொத்து உனக்கு, என் சொத்து எனக்கு’ என்று தம்பதி முன்பே எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தால்தான் அது செல்லும். எத்தனை வீட்டில் அப்படி எழுதி வைப்பார்கள்? 46ஆவது பிரிவு தவறு செய்யாதவருக்கு நஷ்டஈடு தரும். அதற்குத் துணைவர் இன்னொருவருடன் சேர்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும், கள்ள உறவு இருந்தது என்பது மட்டும் போதாது. பிள்ளை யாரிடம் என்று முடிவு செய்யும்போது, யாரால் வளர்க்க முடியும் என்று பார்ப்பார்கள். பல வருஷம் வேலைக்கே போகாதவள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறாள். பிள்ளை அவளிடம் வந்தால் தகப்பன் தர வேண்டிய செலவு, ஒரு பிள்ளைக்கு மாத வருமானத்தில் 20 முதல் 30 சதவீதம் என்பது அப்போதைய நீதிமன்ற வழிகாட்டல்.

2021 ஜனவரி 1இல் வந்த சிவில் சட்டத் தொகுப்பு 1088ஆவது பிரிவில் அந்த ஒப்பந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. இன்றைய சட்டத்தை வைத்துக்கொண்டு ‘கதை லாஜிக் தப்பு’ என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள்.

கேள்வி: இது மறுபிறவி கதையா?

பதில்: இல்லை.

கேள்வி: நாவலைப் படிச்சுட்டா தொடரைப் பார்க்க வேண்டாம்தானே?

பதில்: சிறுகதை, நாவல், தொடர் மூன்றையும் தனித்தனியாக வையுங்கள். 1925இல் சீன எழுத்தாளர் லூ ஷுன் எழுதிய சிறுகதையில் ஸிஜுன் குடும்பத்தை எதிர்த்து ஜுவான்ஷெங்குடன் வாழப் போகிறாள். அவன் வேலை போகிறது, காதலும் போகிறது. தகப்பன் வீட்டுக்குத் திரும்பியவள் செத்துப்போகிறாள். 1923இல் பெய்ஜிங் மாணவிகளிடம் பேசும்போதே லூ ஷுன் சொல்லியிருந்தார்: கையில் காசில்லாமல் வீட்டைவிட்டுப் போகிறவள் சீரழிய வேண்டும், இல்லையென்றால் திரும்பி வர வேண்டும்.

ஹாங்காங் எழுத்தாளர் யி ஷு அந்தப் பெயர்களை எடுத்துத் தன் நாவலில் ஸிஜுனைப் பிழைக்க வைத்தார். நாவலில் கணவன் டாக்டர். அவள் வேலைக்குப் போகிறாள், களிமண்ணில் உருவங்கள் செய்கிறாள். தொடர் கதையை ஷாங்காய்க்குக் கொண்டுபோய் கன்சல்டிங் கம்பெனி உலகத்தில் வைத்தது. மூன்றிலும் ஒரே கேள்விதான்: இவள் கைக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?

கேள்வி: எத்தனை எபிசோட்?

பதில்: மேலே முதல் பதில்.

கேள்வி: உயிர்த்தோழி தாங் ஜிங்கோட பத்து வருஷக் காதலனையே இவ எடுத்துக்கறா. இதுக்குப் பேரு வளர்ச்சியா?

பதில்: சீனாவிலும் தொடர் ஓடியபோது இதே சண்டைதான். என் புகார் வேறு. நாவலில் அந்தக் காதலன், ஹெ ஹான் என்று ஒரு ஆளே கிடையாது. அங்கே ஸிஜுன் சொந்தக் காலில் நின்ற பிறகுதான் இரண்டாவது கணவர் வருகிறார், அவருக்கும் தோழிக்கும் சம்பந்தமில்லை. தொடரிலோ சிக்கல் வருகிற இடத்திலெல்லாம் ஹெ ஹான் வந்து நிற்கிறான், யோசனை சொல்கிறான், கதவைத் திறந்துவிடுகிறான். கணவன் இருந்த இடத்தில் வாத்தியார். ஒழுக்கத்தை விடுங்கள், கதையே அங்கேதான் ஓட்டையாகிறது.

கேள்வி: அதெப்படி ஒழுக்கத்தை விட முடியும்? கணவனைப் பறிச்ச லிங் லிங் கெட்டவ, இவ மட்டும் நல்லவளா?

பதில்: நியாயமான கேள்வி. தொடர் இதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை. லிங் லிங் திட்டம் போட்டு வருகிறாள், ஸிஜுன் விலகி ஓடப் பார்க்கிறாள் என்று காட்டித் தப்பிக்கிறது. தாங் ஜிங்கின் பக்கம் நின்று பாருங்கள், அந்த வித்தியாசத்தால் அவளுக்கு ஒரு பைசா பிரயோஜனமில்லை.

கேள்வி: ஹெ ஹானும் தாங் ஜிங்கும் எப்பவோ பிரிஞ்சவங்கதானே அக்கா, சும்மா பேசறாங்க.

பதில்: துண்டு வீடியோ பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். முழுத் தொடரையும் பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

கேள்வி: ஸிஜுனா நடிச்ச மா யிலி தன் சொந்தக் கதையைத்தான் நடிச்சாங்களாமே?

பதில்: கிசுகிசுவுக்கு இங்கே இடமில்லை. இந்த வேடத்துக்கு 2018இல் ஷாங்காய் மாக்னோலியா தொலைக்காட்சி விருது, சிறந்த நடிகை. அதோடு விடுங்கள்.

கேள்வி: கடைசியில ரெண்டு பேரும் சேர்றாங்களா? அதை மட்டும் சொல்லுங்க.

பதில்: சொல்ல மாட்டேன். அவர்களைவிட ஸிஜுனின் அம்மா ஷ்வே ஜென்ஜுவைப் பாருங்கள். மகளைப் பணக்காரனுக்குக் கட்டிவைத்ததே தன் சாதனை என்று வாழ்ந்த அந்த அம்மாள், கூச்சலும் வறட்டு கௌரவமுமாக, கடைசிப் பத்து எபிசோடில் எல்லாரையும் ஓரங்கட்டிவிடுவார்.

கேள்வி: எத்தனை எபிசோட்னு யாராவது சொல்லுங்களேன்?

பதில்: 42.