சாரமா, முட்டா?

கேள்வி: எங்கள் வீட்டுக்குக் கூரை கான்கிரீட் போட்டு ஆறு நாள்தான் ஆகிறது, அதற்குள் அடியில் கொடுத்த முட்டுகளைப் பிரிக்கலாம் என்கிறார் மேஸ்திரி. பி.எட். படிக்கும் மகளோ, பாடம் நடத்துவதிலும் ‘சாரம் கட்டுவது’ உண்டு என்கிறாள். அதென்ன? இரண்டையும் எப்போது பிரிப்பது?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை

பதில்: முதலில் மேஸ்திரியை நிறுத்துங்கள். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-ன்படி, தளம் ஒரு தாங்கலிலிருந்து அடுத்த தாங்கல் வரை 4.5 மீட்டருக்குள் (ஏறக்குறைய 15 அடி) இருந்தால் முட்டு 7 நாள் நிற்க வேண்டும், கூடினால் 14 நாள். பீம் 6 மீட்டர் வரை 14, தாண்டினால் 21. அதுவும் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்குச் சொன்ன கணக்கு. உங்கள் வீட்டில் போட்டது பி.பி.சி. (போர்ட்லண்ட் போஸோலானா சிமெண்ட்) என்றால் அது மெதுவாகத்தான் இறுகும், ஆகவே இன்னும் சில நாள் விட்டுவையுங்கள், முட்டு வாடகை தவிர வேறு நஷ்டமில்லை.

மகள் சொல்வதும் சரிதான். உட், புரூனர், ராஸ் என்ற ஆய்வாளர்கள் மூவர் 3, 4, 5 வயதுக் குழந்தைகளிடம் 21 மரக்கட்டைகளைக் கொடுத்துப் பிரமிடு கட்ட வைத்து, பக்கத்தில் இருப்பவர் எப்போது எவ்வளவு உதவுகிறார் என்று கவனித்து 1976-ல் எழுதிய கட்டுரையில்தான் அந்த உதவியைச் சாரம் என்றார்கள். (ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி வைத்த பேர் என்று பரீட்சையில் எழுதிவிடப் போகிறாள், அவர் 1934-லேயே காலமாகிவிட்டார்.)

எனக்கு அந்தப் பேரில் ஒரு குறை. சவுக்குக் கம்பு கட்டுகிற சாரம் கொத்தனார் ஏறி நிற்பதற்கு, சுவரைத் தாங்குவதற்கு இல்லை. ஈரக் கான்கிரீட்டைத் தாங்குவது முட்டு. பிள்ளைக்கு நாம் கொடுப்பதும் முட்டுதான்.

ஆனால் பிள்ளை விஷயத்தில் 7 நாள், 14 நாள் என்று கணக்குக் கிடையாது. தடுமாறினால் உதவியை ஒரு படி கூட்டுவது, சரியாகச் செய்தால் ஒரு படி குறைப்பது, அவ்வளவுதான். எழுதப் பழக்குவதையே பாருங்களேன், முதலில் கையைப் பிடித்து, அப்புறம் புள்ளி மேல், அப்புறம் நாலு கோடு நோட்டு, கடைசியில் வெறும் தாள். வெறும் தாளில் எழுத்து கோணிக்கொண்டு போனால் மறுநாளே கோடு போட்ட நோட்டுக்குத் திரும்பலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. தொங்கிப்போன தளம் திரும்ப முட்டுக் கொடுத்தாலும் நிமிராது. அதனால் நாளைக் காலையில் வேலையாட்கள் வருவதற்கு முன்னால் அளவு டேப்போடு நீங்கள் அங்கே இருங்கள்.