காலைத் தூக்கும் கடுவன்கள்: நாய் வளர்ப்போருக்கு ஒரு கேள்வி பதில்

இந்தமுறை வந்த கேள்விகளில் முக்கால்வாசியும் ஒரே முறைப்பாடுதான்: நாய் வீட்டுக்குள்ளே காலைத் தூக்குகிறது. நான் மிருக வைத்தியர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், எங்கள் வீட்டில் நாய் இல்லாத வருடம் என்று ஒன்று கிடையாது, அவ்வளவுதான். மருந்து எழுத மாட்டேன், பழக்கம் பற்றிச் சொல்வேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன், அயலட்டை படித்துச் சிரிக்கும் என்று ஒரு அக்கா பயப்பட்டதால்.

கல்லடி: எங்கள் கடுவனுக்குப் பத்து மாதம். குட்டியிலிருந்தே முற்றத்துக்குப் போய்த்தான் மூத்திரம் பெய்யும். இப்போது ஒரு மாதமாகச் செற்றிக் கால், பிரிட்ஜ் மூலை, ஜன்னல் சீலை என்று கொஞ்சம் கொஞ்சமாக அடித்து வைக்கிறது. நானும் அவரும் வேலைக்குப் போய்விடுவதால் வஞ்சம் தீர்க்கிறதா?

வஞ்சம் தீர்ப்பதெல்லாம் மனிசருடைய வேலை தங்கச்சி, நாய்க்கு அந்தக் கணக்கு வராது. நீங்கள் சொல்வதிலேயே விடை இருக்கிறது: "கொஞ்சம் கொஞ்சமாக". மூத்திரப்பை முட்டிப்போன நாய் தரையில் ஒரு குளம் கட்டிவிட்டுப் போகும். அடையாளம் வைக்கிற நாய் அப்படியில்லை. முதலில் மோந்து பார்க்கும், பக்கவாட்டில் திரும்பும், நிமிர்ந்து நிற்கிற ஒரு பொருளில் காலைத் தூக்கி ஒரு கரண்டி அளவு அடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போகும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள், வயசுக்கு வருகிற நேரத்தில்தான் இது பெரும்பாலும் தொடங்கும். உங்கள் ஆள் சரியாக அந்த வயதில் இருக்கிறான்.

சந்தியில் நிற்கிற மின்கம்பத்தைப் பாருங்கள். மரண அறிவித்தலுக்கு மேல் ரியூசன் நோட்டீஸ், அதற்கு மேல் கோயில் திருவிழா நோட்டீஸ். ஒருவர் ஒட்டிவிட்டுப் போனால் அடுத்தவருக்குச் சும்மா இருக்க முடியாது. நாயின் மூத்திரமும் அப்படி ஒட்டுகிற நோட்டீஸ்தான். ஆணா பெண்ணா, பெட்டை பருவத்தில் இருக்கிறதா, தெரிந்த நாயா புது நாயா என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதை வாசிக்க மேலண்ணத்தில், முன்பல்லுக்குப் பின்னால், நாய்க்குத் தனியாக ஒரு சிறு உறுப்பே உண்டு. சில கடுவன்கள் ஓரிடத்தை நக்கிவிட்டுப் பல்லைக் கடகடவென்று அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது அந்த உறுப்புக்கு மணத்தை ஏற்றுகிற வேலை.

அதனால் என்னிடம் யார் வந்தாலும் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: அவன் யாருக்குப் பதில் எழுதுகிறான்? அந்த ஜன்னலுக்கு வெளியே ஒழுங்கை இருக்கிறதா, இரவில் தெருநாய்கள் கேற்றடியில் வந்து அடித்துவிட்டுப் போகின்றனவா, பக்கத்து வளவில் பெட்டை ஒன்று பருவத்தில் நிற்கிறதா என்று இரண்டு நாள் கவனியுங்கள். கேற்றின் வெளிப்பக்கத்தைக் காலையில் கழுவுங்கள், ஜன்னலின் கீழ்ப் பாதியை ஒரு மட்டை வைத்து மறையுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போது நாயை ஒரு நீளக் கயிற்றில் கட்டி, கயிற்றின் மறுமுனையை உங்கள் இடுப்பில் செருகிக்கொண்டு குசினி வேலையைப் பாருங்கள். மோந்துகொண்டே பக்கவாட்டில் திரும்பும்போது "ஏய் வா" என்று சாதாரணமாகக் கூப்பிட்டு வெளியே கொண்டுபோகலாம். அங்கே பெய்தால் அந்த இடத்திலேயே முள் எடுத்த அவித்த மீன் துண்டு ஒன்று. வீட்டுக்குள் வந்து கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. வேலைக்குப் போகும்போது வீடு முழுக்கத் திறந்துவிடாமல் அது சாப்பிட்டுத் தூங்குகிற அறையில் விடுங்கள், படுக்கிற இடத்தில் நாய் இலேசில் அடிக்காது.

ஆரையம்பதி: டெற்றோல் போட்டுக் கழுவினேன், குளோரொக்ஸ் போட்டேன், பினாயிலும் போட்டாயிற்று. அடுத்த நாள் அதே இடம்!

அக்கா, உங்கள் மூக்குக்குப் பினாயில் மணம் மட்டும்தான் வருகிறது. நாய் பினாயிலுக்குக் கீழே இருக்கிற தன்னுடைய மணத்தையும் சேர்த்துப் பிடிக்கும்.

குளோரொக்ஸ் விசயத்தில் நானே ஒரு மடையன். எங்கள் வீட்டுத் தையல் மெசின் கால்தான் எங்கள் கடுவனுடைய மைல்கல். ஒருநாள் ஆத்திரத்தில், காய்ந்து மஞ்சளாகிப் போயிருந்த அந்த மூலையில் குளோரொக்ஸை அப்படியே போத்தலோடு கவிழ்த்துவிட்டுக் குனிந்து தேய்த்தேன். அரை நிமிடத்தில் கண் எரிந்து மூச்சு முட்டி, இருமிக்கொண்டே முற்றத்துக்கு ஓடினேன். நாய் விறாந்தையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூத்திரத்தில் இருக்கிற அமோனியாவும் குளோரினும் சேர்ந்தால் நச்சுவாயு வரும் என்று அன்றுதான் உடம்பால் படித்தேன். அடுத்த நாள் காலை மெசின் காலில் புதுச் சொட்டு, அது வேறு.

சரி, செய்ய வேண்டியது இதுதான். ஈரமாக இருந்தால் பழைய சாரத்தை வைத்து அழுத்தி ஒற்றி எடுங்கள், தேய்த்துப் பரப்பாதீர்கள். வெறும் தண்ணீரால் கழுவுங்கள். அப்புறம் என்சைம் கலந்த சலவைத்தூள், பக்கற்றில் அப்படி எழுதியிருக்கும், ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கழுவிக் காயவிடுங்கள். செல்லப்பிராணிக் கடையில் இதற்கென்றே விற்கிற என்சைம் திரவம் கிடைத்தால் இன்னும் நல்லது. அதை ஊற்றி உடனே துடைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள்தான் அதிகம், அது ஊறித் தானாகக் காய வேண்டும். வினாகிரியும் நாற்றத்தைக் குறைக்கும், ஆனால் குளோரொக்ஸ் போட்ட இடத்தில் வினாகிரியை ஊற்றிவிடாதீர்கள், அதுவும் நச்சுவாயு. பெயின்ற் அடிக்காத சீமெந்துத் தரை மூத்திரத்தைக் குடித்துவிடும், இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டி வரும். எங்கே எங்கே அடித்திருக்கிறது என்று தெரியாவிட்டால் இரவில் லைற்றை அணைத்துவிட்டு யூவி டோர்ச் அடித்துப் பாருங்கள். பழைய கறையெல்லாம் மினுங்கும். அந்தக் காட்சியைப் பார்க்க மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

கல்முனை: நான் நாய் வளர்ப்பதில்லை. பக்கத்து வீட்டு நாய் ஒவ்வொரு நாளும் என் மோட்டார் சைக்கிள் ரயரில் அடிக்கிறது. சுபஹ் தொழுகைக்குப் போகிற நேரத்தில் சாரத்தில் பட்டுவிடுகிறது. அவர்கள் நல்ல மனிசர், சண்டை பிடிக்க விருப்பமில்லை.

நானா, உங்களுக்கு இது வெறும் நாற்றப் பிரச்சினை இல்லை என்று விளங்குகிறது. மண்ணோடு ஒரு தடவை சேர்த்து ஏழு தடவை கழுவுகிற சிரமத்தை என்னோடு வேலை செய்த நண்பர் ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

உங்கள் ரயர் ஊரிலுள்ள ஒழுங்கை எல்லாவற்றின் மணத்தையும் சுருட்டிக்கொண்டு வந்து அந்த நாயின் மூக்குக்கு முன்னால் நிற்கிறது. பதில் எழுதாமல் அதால் இருக்க முடியாது. மாலையில் வந்ததும் ரயரைக் கழுவி, முடிந்தால் கேற்றுக்கு உள்ளே விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பலகையைச் சாய்த்து மறையுங்கள். ஆனால் பெரிய பங்கு அவர்களுடையது. இரவில் கட்டி வைக்கவும், விடிய முன்னர் தங்கள் பின்வளவுக்கே கொண்டுபோய்ப் பெய்யவைக்கவும் சொல்லுங்கள். இந்தப் பதிலையே காட்டலாம், நான் சொன்னதாக இருக்கட்டும். மிளகாய்த்தூள், அசிற், அலுமாரியில் போடுகிற பூச்சி உருண்டை எதையும் போட வேண்டாம், பூச்சி உருண்டையைத் தின்றால் நாய் செத்தும் போகலாம். போத்தலில் நீலம் கரைத்துக் கட்டினால் நாய் வராது என்பார்கள். அந்தப் போத்தலிலேயே ஒரு நாய் காலைத் தூக்கியதை நான் கண்ணால் கண்டேன்.

களுவாஞ்சிக்குடி: விதை எடுக்கிற ஆப்பரேசன் செய்தால் நின்றுவிடுமா? காவல் குறைந்துவிடும் என்று அப்பா விடுகிறார் இல்லை.

பாதிக்கு மேற்பட்ட கடுவன்களில் நன்றாகக் குறையும். அடியோடு நிற்பது அதைவிடக் குறைவான நாய்களில்தான். பழக்கம் ஊறிப்போன ஐந்து வயது நாயிலும் குறையலாம், ஆனால் ஹோர்மோன் போன பிறகும் பழக்கம் கொஞ்சம் மிஞ்சி நிற்கும், அதனால் கழுவுவதையும் கயிற்றையும் விட முடியாது. அடுத்த நாளே மாற்றம் வரும் என்று பார்க்க வேண்டாம், சில கிழமை, சிலதில் சில மாதம். இன்னொன்று, ஆப்பரேசன் முடிந்து முதல் ஒரு மாதமாவது பெட்டைகளிடம் விடாதீர்கள், அந்த இடைவெளியில் குட்டி போடவைக்கிற சக்தி மிச்சமிருக்கலாம். அப்பாவிடம் சொல்லுங்கள், வளவுக்குள் புது ஆள் வந்தால் குரைப்பதற்கு விதை தேவையில்லை. ஊர் சுற்றப் போவது குறைந்து, காவல் காக்க வேண்டிய வீட்டில் நாய் நிற்கும். எத்தனை மாதத்தில் செய்வது என்பதை நாயைப் பார்த்து வைத்தியர் சொல்லட்டும், பெரிய இன நாய்களுக்குச் சிலர் பிந்திச் செய்யச் சொல்வார்கள்.

காரைதீவு: பெட்டை நாயும் காலைத் தூக்குமா? எங்களுடையது அரைவாசி குந்தி அரைவாசி தூக்குகிறது.

தூக்கும். பருவத்துக்கு வருகிற நாட்களில் இன்னும் கூடும், ஒழுங்கையில் உள்ள கடுவன்களுக்கு அது அழைப்பிதழ். பெரும்பாலான நாய்களுக்கு வருடத்தில் இரண்டு தடவை.

வாழைச்சேனை: மூத்திரத்தில் மூக்கைப் பிடித்துத் தேய்த்து இரண்டு அடி போடச் சொல்கிறார்கள்.

சொன்னவருடைய மூக்கைத் தேய்த்துப் பாருங்கள். நாய் படிப்பது ஒன்றுதான்: இவர் வீட்டில் நிற்கும்போது பெய்யக்கூடாது. அதனால் அலுமாரிக்குப் பின்னால் போய்ப் பெய்யும். பயந்த நாய் கூடுதலாகவும் அடிக்கும்.

செங்கலடி: ஒன்பது வயது நாய், இதுவரை ஒழுங்காக இருந்தது. இப்போது படுத்த இடத்திலேயே நனைந்திருக்கிறது, தண்ணீரும் வாளி வாளியாகக் குடிக்கிறது.

இது அடையாளம் வைப்பதே இல்லை. சிறுநீரகமாக இருக்கலாம், நீரிழிவாக இருக்கலாம், வேறும் இருக்கலாம். நாளைக் காலையே வைத்தியரிடம், முடிந்தால் ஒரு சுத்தமான போத்தலில் காலைச் சலத்தோடு. மற்றவர்களும் கவனியுங்கள்: கடுவன் திரும்பத் திரும்பக் காலைத் தூக்கி, முக்கி முக்கி, ஒரு சொட்டும் வராமல் நின்றால் கல் அடைத்திருக்கலாம். விடியட்டும் என்று பார்க்கிற விசயம் இல்லை அது.

கொக்கட்டிச்சோலை: வேளாண்மை வாடியில் இரண்டு நாய் நிற்கிறது. தண்ணீர்க் குடத்தடியில், நெல் மூட்டையில் எல்லாம் அடிக்கிறது. எலிக்காய்ச்சல் நாயாலும் வருமாமே, உண்மையா?

உண்மைதான் தம்பி. பெயர் எலிக்காய்ச்சல் என்றாலும் நாய், மாடு, பன்றி எல்லாவற்றின் சலத்திலும் அந்தக் கிருமி வரலாம். நோய் காட்டாத நாயும் கழிக்கும். மாரியில் வயல் தண்ணீரில் புண் காலோடு இறங்குகிற படுவான்கரை ஆட்கள் இதைச் சிரிப்பாக எடுக்கக்கூடாது. நாய்க்கு வருடாவருடம் போடுகிற கூட்டுத் தடுப்பூசியில் இதற்கும் சேர்ந்தது இருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள். அரசாங்கம் இலவசமாகப் போடுகிற விசர்நாய் ஊசி வேறு, அது போட்டால் இது வராது என்று நினைத்துவிட வேண்டாம். குடத்தை இடுப்பளவு உயரத்தில் மூடி வையுங்கள், மூட்டையைப் பரணில் ஏற்றுங்கள், எலிக்கும் அதுதான் நல்லது. சலம் துடைக்கும்போது கையுறை, பிறகு சவர்க்காரம். விதைப்புக் காலத்தில் தடுப்புக் குளிசை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் விசாரியுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் "வயலில் நிற்கிறவன், நாயும் உண்டு" என்று டொக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை இருக்க வேண்டாம்.

பெரிய கல்லாறு: கனடாவிலிருந்து மாமா வந்து சூட்கேஸை விறாந்தையில் வைத்த மறுநிமிடம் எங்கள் நாய் அதில் அடித்துவிட்டது. சாமான் திறக்கவே இல்லை. மாமா இன்னும் முகம் கொடுத்துப் பேசுகிறார் இல்லை.

விமான நிலையத்தில் உருண்டு வந்த பெட்டி, ஆயிரம் பேருடைய மணம், அதிலும் மாமா வீட்டில் நாய் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆட்கள் வந்தால் முதலில் நாயைக் கட்டுங்கள். பெட்டி கட்டிலுக்கு மேலே. வந்த பரபரப்பு அடங்கியதும் நாயைக் கயிற்றோடு கொண்டுவந்து மோந்து பார்க்க விடுங்கள், மோந்து முடிந்த உடனே வெளியே. புதுக் கதிரை, புதுத் தொட்டில், புது நாய்க்குட்டி எல்லாவற்றுக்கும் இதே முறைதான். மாமாவுக்கு நண்டுக்கறி.

திருக்கோவில்: துளசிச் செடி மூன்றாவது தடவையும் கருகிவிட்டது.

சலத்தில் உள்ள உப்பும் நைதரசனும் கூடிவிட்டால் இலை கருகும். அடித்த உடனே ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் தப்பும். துளசியை மாடத்தில் உயர்த்திவிட்டு, வளவு மூலையில் ஒரு மரக்கட்டையை நட்டு, நாயின் சலம் துடைத்த துணியை அதில் ஒரு சுற்றுக் கட்டி விடுங்கள். பெரும்பாலும் அங்கே போய்விடும்.

அக்கரைப்பற்று: கடுவனுக்கு வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற பட்டி வாங்கலாமா?

வாங்கலாம், சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது உதவும். அது சலத்தைப் பிடிக்கும், பழக்கத்தை மாற்றாது. எங்கள் வெக்கைக்கு ஈரத்தோடு விட்டால் தோல் வெந்துவிடும், அடிக்கடி பார்த்து மாற்றுங்கள், இரவில் கழற்றிவிடுங்கள்.

கல்லடித் தங்கச்சி நேற்று மறுபடியும் எழுதியிருந்தார்: இரண்டு கிழமையில் ஜன்னல் சீலை தப்பிவிட்டது, பிரிட்ஜ் மூலையில் மட்டும் இன்னும் அடிக்கிறது. தங்கச்சி, பிரிட்ஜை முன்னுக்கு இழுத்து அதன் பின்பக்கத்தையும் கீழே உள்ள தட்டையும் பாருங்கள். முன்பக்கத்தைத்தான் கழுவியிருப்பீர்கள்.